கிரெட்ஸ்கி பெஞ்சில் இருக்கும்போது

நம் கல்லூரி டீமில் ஹாக்கி ஆடியவர்கள் யாராவது இந்த மலரைப் புரட்டுவீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நம்ம கிரவுண்டில் முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை பெரும்பாலும் அதே பதினொரு பேர்தான். கோல் போடத் தெரிந்தவன் நடுவில். மற்றவன் எல்லாம் அவனுக்குப் பந்து எடுத்துக் கொடுக்கணும். (மூன்று வருஷம் ஓரத்தில் உட்கார்ந்தே ஓட்டியவன் சொல்கிறேன்.) கனடாவுக்கு வந்து ஐஸ் ஹாக்கி பார்க்க ஆரம்பித்தபோது முதலில் எனக்கு விளங்காதது இதுதான்: எவ்வளவு பெரிய ஆட்டக்காரனும் ஒரு நிமிஷத்துக்குள் வெளியே வந்து உட்கார்ந்துவிடுகிறானே, ஏன்?

பனித்தரையில் அந்த வேகத்தில் முக்கால் நிமிஷத்துக்கு மேல் ஓடினால் மூச்சு வாங்கிவிடும். ஆகவே முன்னணியினர் மூவர் சேர்ந்து ஒரு 'லைன்'. டீமுக்கு நான்கு லைன்கள், மாறி மாறி இறங்கும். 60 நிமிஷ ஆட்டத்தில் முதல் லைனுக்கே 20 நிமிஷமோ, சற்றுக் கூடுதலோதான் கிடைக்கும். மீதி நேரத்தில் யார் கோல் போடுவது? பயிற்சியாளரின் தலைவலி அங்கேதான்.

எட்மன்டன் ஆயிலர்ஸ் அணிக்கு அது 1983-இல் புரிந்தது. அந்தப் பருவத்தில் 424 கோல் அடித்த டீம். வேய்ன் கிரெட்ஸ்கி மட்டும் 71. ஆனால் ஸ்டான்லி கோப்பை இறுதியில் நியூயார்க் ஐலண்டர்ஸிடம் நேராக நான்கு ஆட்டமும் தோல்வி. நான்கிலும் சேர்த்து ஆறே கோல். கிரெட்ஸ்கிக்கு ஒன்றுகூட இல்லை!

மறு வருஷம் பயிற்சியாளர் கிளென் சாதர் செய்தது எளிய காரியம். இடது ஓரத்தில் ஆடிவந்த மார்க் மெஸ்ஸியே, எட்மன்டனிலேயே பிறந்த பையன், நடுவுக்கு மாற்றப்பட்டார். கிரெட்ஸ்கியும் யாரி குர்ரியும் ஒரு பக்கம். மெஸ்ஸியேயும் கிளென் ஆண்டர்சனும் இன்னொரு பக்கம். எதிரியிடம் நல்ல தடுப்பாளர்கள் ஒரு செட்தான் இருப்பார்கள். அவர்களை யார் மேல் ஏவுவது? ஒன்றைப் பூட்டினால் மற்றது திறக்கும்.

ஆளுக்கொரு லைனாகப் பிய்த்துப் போட்டுவிடவில்லை என்பதையும் கவனிக்கணும். ஜோடியைக் கலைக்கவில்லை. எல்லாரையும் சமமாகப் பரப்பியிருந்தால் நம்ம ஹாஸ்டல் மெஸ் சாம்பார் மாதிரி எல்லா லைனும் நீர்த்துப் போயிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

1984 இறுதியில் மறுபடி அதே ஐலண்டர்ஸ். முதல் ஆட்டம் 1-0. அந்த ஒரே கோலை அடித்தது கிரெட்ஸ்கியும் இல்லை, மெஸ்ஸியேயும் இல்லை. கெவின் மெக்லெலண்ட் என்கிற கடைசி லைன் முரட்டு ஆள். இரண்டாவதில் 6-1 என்று உதை வாங்கினார்கள். மூன்றாவதில் 2-1 என்று பின்தங்கி நின்றபோது மெஸ்ஸியே தனியாகப் புகுந்து ஒரு கோல் போட, ஆட்டம் 7-2 என்று முடிந்தது. அதன்பிறகு ஐலண்டர்ஸ் எழுந்திருக்கவே இல்லை. தொடர் 4-1. இறுதி முழுவதிலும் கிரெட்ஸ்கியின் முதல் கோல் வந்ததே நான்காவது ஆட்டத்தில்தான். பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருது மெஸ்ஸியேவுக்குப் போனது.

1988 ஆகஸ்டில் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலஸுக்கு விற்றுவிட்டார்கள். ஊரே அழுதது. பதிலுக்கு வந்தவர்களில் மார்ட்டின் ஜெலினா, ஜிம்மி கார்சன் என்று இருவர். 1989-இல் கார்சனை டெட்ராய்ட்டுக்கு அனுப்பினார்கள். நம்ம மெக்லெலண்டும் கூடவே போனார். அங்கிருந்து ஆடம் கிரேவ்ஸ், ஜோ மர்ஃபி, பீட்டர் கிளிமா வந்தார்கள். ஜெலினா, கிரேவ்ஸ், மர்ஃபி மூன்று இளைஞர்களும் சேர்ந்து ஒரு லைன். பெயரே 'கிட் லைன்'. ஒரு கிரெட்ஸ்கியைக் கொடுத்து ஒரு முழு லைனையே வாங்கிய கணக்கு! 1990-இல் லாஸ் ஏஞ்சலஸை 4-0 என்று வீழ்த்தி, இறுதியில் பாஸ்டனையும் வென்று, கிரெட்ஸ்கி இல்லாமலே கோப்பையைத் தூக்கினார்கள்.

அந்த இறுதியின் முதல் ஆட்டம் மூன்றாவது கூடுதல் நேரம் வரை இழுத்தது. எல்லாரும் களைத்துப்போன நேரத்தில், பெரும்பாலும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த கிளிமாவை இறக்கினார்கள். வந்தார், அடித்தார், 3-2. பெஞ்சிலேயே பழகிய எனக்கு, கிரெட்ஸ்கியின் அத்தனை கோலையும்விட இதுதான் பிடிக்கும்.