மைனஸ் எல்எம் பிறந்த கதை

கரிசல் காட்டில் புஞ்சை எப்போதும் சதுரமாக வாய்க்காது. ஓடைக்கும் வண்டிப்பாதைக்கும் நடுவே முக்கோணமாக ஒரு துண்டு கிடக்கும். மூன்று பக்கத்தையும் சங்கிலி பிடித்து அளந்துவிட்டால் ஹெரான் சூத்திரத்தில் பரப்பு வந்துவிடும். 1984இல் தொடங்கிய கோவில்பட்டி நேஷனல் பொறியியல் கல்லூரி மாதிரியான இடங்களில் சி மொழியைத் தொடும் பிள்ளைகளுக்கும் இதே கணக்கு வரும்.

பக்கங்கள் 3, 4, 5 என்றால் கடைசியில் 36க்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நிரலின் மேலே மேத்.ஹெச் என்ற கோப்பைச் சேர்த்தாயிற்று. எஸ்கியூஆர்டி என்று எழுதி 36ஐ நேராகப் போட்டால் 6 வருகிறது. அதே 36 ஒரு மாறிக்குள் இருந்தால், லினக்ஸ் கணினியில் ஜிசிசி கம்பைலர் ‘எஸ்கியூஆர்டியைக் காணோம்’ என்று மறுத்துவிடும். கட்டளையின் கடைசியில் மைனஸ் எல்எம் போடு என்பார்கள். போட்டால் ஓடும். ஏன் என்று கேட்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை.

காரணம் சி பிறந்த இடத்தில் இருக்கிறது. 1957இல் வந்த ஃபோர்ட்ரான், விஞ்ஞானிகளின் கணக்குக்காகவே பிறந்தது. சைனும் வர்க்கமூலமும் அதோடு கூடவே வந்தன. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி, யூனிக்ஸ் என்கிற இயங்குதளத்தை எழுதப் பயன்பட்ட மொழி. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மீதி: அதற்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். அடுக்குக்குக்கூடக் குறியீடு கிடையாது. மற்றதெல்லாம் வெளியே ஒரு மூட்டை. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அந்த மூட்டைதான் மைனஸ் எல்எம் சொல்லி அழைக்க வேண்டிய தனி நூலகமாக இருந்தது. மேத்.ஹெச் வெறும் அறிவிப்பு. ஃபங்ஷனின் உடம்பு நூலகத்தில். நேராக 36 போட்டால் கம்பைலரே முன்கூட்டிக் கணக்குப் போட்டு 6ஐ எழுதிவிடுகிறது, நூலகத்தைத் தேடுவதே இல்லை.

அந்த ஏழாம் பதிப்பின் மூலநிரலைப் படிப்பது ஒரு சுகம். வர்க்கமூலத்துக்கு முதலில் குத்துமதிப்பாக ஓர் எண். கொடுத்ததை அதனால் வகுத்து, ஈவையும் அந்த எண்ணையும் கூட்டிப் பாதியாக்கு. 36க்கு 5 என்று தொடங்கினால் 6.1, அடுத்த சுற்றிலேயே 6.0008. யூனிக்ஸ் இதைக் கடைசியில் ஐந்து முறை செய்துவிட்டு விடையைத் தந்துவிடும்.

சைன் இன்னும் விசேஷம். அதற்குள் அச்சடித்த பெரிய அட்டவணை எதுவும் இல்லை, ஒன்பது எண்கள்தான். ஐந்து மேலே, நான்கு கீழே. இரண்டு பல்லுறுப்புக் கோவைகள், ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் முடிந்தது. ஹார்ட், செனி முதலானோர் 1968இல் வெளியிட்ட புத்தகத்தின் 3370ஆம் பட்டியலிலிருந்து எடுத்தது என்று நிரலிலேயே குறிப்பு இருக்கிறது. கடன் வாங்கிய இடத்தைச் சொல்லும் நாணயம் எனக்குப் பிடித்தது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பாஸ்கரர் சைனுக்குத் தந்த சூத்திரமும் இதே உருவம்தான்: ஒரு கோவைக்குக் கீழே இன்னொரு கோவை. பிழை 0.002ஐத் தாண்டாது.

கணித்து வைத்ததைத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்வது தமிழ்நாட்டுக்கும் பழையதே. சந்திரன் 248 நாளில் நிற்கும் இடங்களை 248 வாக்கியங்களாக்கி மனப்பாடம் செய்தவர்கள் வாக்கியப் பஞ்சாங்கக்காரர்கள். அந்த வாக்கியங்களில் எழுத்துதான் எண். 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தை ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்து, நினைவில் இருந்த எண்களை மட்டும் கொண்டு கணித்ததை ஜான் வாரன் என்பவர் அதே ஆண்டு சென்னையில் வெளிவந்த ‘கால சங்கலிதம்’ என்ற நூலில் பதிந்திருக்கிறார். தொடக்கத்தில் 4 நிமிடப் பிழை, நடுவில் 23, முடிவில் 52. முடிவு சறுக்கிவிட்டது உண்மை. ஆனால் ஒரு காகிதம்கூட இல்லாமல் போட்ட கணக்கு அது.

1989இல் அமெரிக்கத் தர நிறுவனம் சி மொழிக்கு இலக்கணம் வகுத்தபோது மேத்.ஹெச்சில் 22 ஃபங்ஷன்கள் இடம்பெற்றன. வர்க்கமூலம் இன்று பல செயலிகளுக்குள்ளேயே ஒரே கட்டளையாக இருக்கிறது. சைனை இன்றும் பெரும்பாலும் நூலகம்தான் கவனித்துக்கொள்கிறது.

கோணத்தை ரேடியனில் கொடுக்க வேண்டும் என்ற விதியும் மாறவில்லை. 30 பாகைக்கு 0.5 எதிர்பார்க்கும் பிள்ளைக்குத் திரையில் வருவது மைனஸ் 0.988. பையால் பெருக்கி 180ஆல் வகுத்துக் கொடு என்று சொல்லித்தருகிறோம். ஏழாம் பதிப்பின் சைனோ உள்ளே போனதும் முதல் வேலையாக அதை 2ஆல் பெருக்கிப் பையால் வகுக்கும், எந்தக் கால்வட்டம் என்று பார்க்க. வெளியே ஏற்றிய பை உள்ளே இறங்கிவிடுகிறது. மிஞ்சுவது 30ஐ 90ஆல் வகுத்த கணக்கு. இந்த வீண் சுற்றைத் தவிர்க்கும்படி, பையை வெளியே ஏற்றாமலே கோணத்தை வாங்கிக்கொள்ளும் சைன்பை என்ற ஃபங்ஷனை சி23 தரம் சேர்த்திருக்கிறது. பாகையை 180ஆல் வகுத்துக் கொடுத்தால் போதும்.