போடப்படாத விண்ணப்பம்: 1950ஆம் ஆண்டின் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றி ஒரு மறுவாசிப்பு

‘சென்னை அரசு எதிர் செண்பகம் துரைராஜன்’ வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 1951 ஏப்ரல் 9 அன்று வழங்கிய தீர்ப்பை இட ஒதுக்கீட்டின் வரலாற்றை எழுதுவோர் அனைவரும் எடுத்தாள்கின்றனர். கல்லூரியில் இடம் கேட்டு விண்ணப்பிக்கும் செயல் தமிழ்நாட்டில் எவ்வாறு உருமாறியது என்பதற்கும் அதுவே சிறந்த சான்றாக இருப்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. நீதிபதி சுதி ரஞ்சன் தாஸ் எழுதிய அத்தீர்ப்பில் வழக்கின் விவரங்களைக் கூறும் பகுதியில் ஒரு சிறு பத்தி உள்ளது. மனுதாரரான செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு உண்மையில் விண்ணப்பித்ததாக அவருடைய பிரமாணப் பத்திரத்திலிருந்து, அதாவது சத்தியம் செய்து கொடுத்த எழுத்து வாக்குமூலத்திலிருந்து, தெரியவில்லை என்றும், தாம் பிராமண வகுப்பைச் சேர்ந்தவர் என்பதால் இடம் கிடைக்காது என்பதை விசாரித்து அறிந்ததாக அவர் கூறுகிறார் என்றும், அரசு இதை ஆட்சேபிக்காததோடு அவர் வென்றால் கொடுப்பதற்கென ஓர் இடத்தை ஒதுக்கிவைக்கவும் ஒப்புக்கொண்டது என்றும் அப்பத்தி தெரிவிக்கிறது.

இப்பத்தியை வைத்துத் திராவிட இயக்க மேடைகளிலும் சிறு வெளியீடுகளிலும் நெடுங்காலமாக வழங்கிவரும் வாசிப்பு ஒன்று உண்டு. விண்ணப்பமே போடாதவருக்கு இடம் மறுக்கப்பட்டிருக்க முடியாது, மறுக்கப்படாத இடத்துக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு பொய் வழக்கு, ஆகவே கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணை ஒரு மோசடியால் வீழ்த்தப்பட்டது என்பது அதன் சாரம். இவ்வாசிப்பை ஏளனமாக ஒதுக்குவது முறையாகாது. மனுதாரர் விண்ணப்பித்தார், நிராகரிக்கப்பட்டார் என்று பாடநூல் நடையில் எழுதிச் செல்பவர்கள் தீர்ப்பின் வாசகத்தைக் கவனிக்காதபோது, அதைக் கவனித்துச் சுட்டிக்காட்டியது இந்த வாசிப்பே. ஆனால் வாசகத்தைச் சரியாகக் கண்டுகொண்ட அது, அதிலிருந்து எட்டிய முடிவில் தவறுகிறது; அதற்குக் காரணம் தேதிகளை அது பொருட்படுத்தாததே.

சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு தாக்கலானது 1950 ஜூன் 7. மருத்துவக் கல்லூரிகளுக்கு மாணவர்களைத் தெரிவு செய்வதற்கான விதிகளைக் கொண்டதாகத் தீர்ப்பு குறிப்பிடும் 2208ஆம் எண் அரசாணையின் தேதியோ 1950 ஜூன் 16. அதாவது விதிகள் அரசாணையாக வெளிவருவதற்கு ஒன்பது நாள் முன்னரே மனுதாரர் நீதிமன்றப் படியேறிவிட்டார். இந்த இடைவெளி சிறிதாயினும் பொருள் மிக்கது. ஜூன் 7 அன்று அவர் எந்த விதியின் கீழ் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்ற கேள்வியை எழுப்பாமல், விண்ணப்பிக்காததை மட்டும் குற்றமாகக் காட்டுவது ஆய்வாகாது. பழைய வகுப்புவாரி விகிதத்தையே புதிய ஆணை பெரும்பாலும் திரும்பக் கூறியதாகத் தீர்ப்பே சொல்வதால், மனுதாரர் விசாரித்து அறிந்த செய்தி விகிதத்தைப் பொறுத்தவரை பிழையன்று. எனினும் இவ்வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. விண்ணப்பப் படிவங்கள் விதிகளுக்கு முன்பே பெறப்பட்டிருக்கவும் கூடும் என்பதால், ஒன்பது நாள் இடைவெளி மோசடிக் கூற்றைப் பலவீனப்படுத்துகிறதே தவிர முற்றாகப் பொய்ப்பிப்பதில்லை.

விகிதத்தையும் அருகிருந்து நோக்க வேண்டும். அரசுப் பணிகளுக்காக 1920களின் இறுதியில் நடைமுறைக்கு வந்த சுழற்சி பன்னிரண்டு இடங்களைக் கொண்டது. அதில் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முகமதியர், கிறித்தவரும் ஆங்கிலோ இந்தியரும் ஆகிய பிரிவுகளுக்குத் தலா 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1 என்று வகுக்கப்பட்டிருந்தது. 1947இல் சுழற்சி பதினான்காக விரிந்தது. கல்லூரிச் சேர்க்கைக்கும் தீர்ப்பு காட்டும் பகிர்வு இதுவே: பிராமணர் அல்லாத இந்துக்கள் 6, பிற்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, ஹரிஜனர் 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் 1, முஸ்லிம்கள் 1. அரசின் நான்கு மருத்துவக் கல்லூரிகளிலும் சேர்த்து இருந்தவை 330 இடங்கள். வெளி மாநிலத்தாருக்கான 17ஐயும் அரசு தன் விருப்பப்படி வழங்கும் 12ஐயும் கழித்தால் எஞ்சுவது 301. அதில் பதினான்கில் இரண்டு பங்கு 43. மாவட்டங்கள் நான்கு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு இடங்கள் பங்கிடப்பட்டதால் உண்மை எண்ணிக்கை சற்று மாறியிருக்கலாம். எப்படியாயினும் பிராமண மாணவருக்குக் கதவு அறவே மூடியிருந்தது என்ற எதிர்த்தரப்புப் பேச்சுக்கும் இக்கணக்கு இடம் தருவதில்லை. குறைந்தது 20 விழுக்காடு இடங்கள் பெண்களுக்கு என்ற விதியும் உடன் இருந்தது. ஆதலால், கிடைக்காது என்று மனுதாரருக்குச் சொல்லப்பட்டது, சுருங்கிய வாய்ப்பு ஒன்றை விசாரித்த இடத்தில் எவரோ உறுதியான மறுப்பாக உரைத்த சொல்லாக இருந்திருக்க வேண்டும் என்று கருதுவதே பொருத்தம்.

அந்த ‘விசாரித்தல்’ எங்கு நடந்தது என்பதே இக்கட்டுரையின் மையக் கேள்வி. விடையைத் தேட, சென்னையின் கல்வி, ஆட்சி நிறுவனங்கள் அமைந்திருந்த விதத்தை நோக்க வேண்டும். சாந்தோம் நெடுஞ்சாலை வடக்கே கடற்கரைச் சாலையாக நீள்கையில் 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி, மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லம், அரசின் செயலகம் அமைந்த கோட்டை ஆகியவை ஒரே நேர்கோட்டில் வந்துவிடுகின்றன. சாந்தோமிலேயே லேயிட்டி ஹால் என்னும் சிறு கட்டடத்தில் 1947 ஆகஸ்ட் 15 அன்று ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி 32 மாணவியரோடு தொடங்கி, 1960இல் கதீட்ரல் சாலைக்குப் போகும்வரை அங்கேயே இயங்கியது. மயிலாப்பூர், சாந்தோம் வட்டாரத்துப் படித்த குடும்பத்துக்கு வழக்கறிஞரும் பேராசிரியரும் செயலக அலுவலரும் உறவினராகவோ அண்டை வீட்டாராகவோ இருந்த காலம் அது. அங்கே சேர்க்கை என்பது படிவத்தை நிரப்புவதற்கு முன்பே, விசாரிப்பதில் தொடங்கிவிட்டது. மோசடி வாசிப்பு தன்னையறியாமல் தொட்டு நிற்கும் உண்மையும் இதுதான். தொலைவூர் ஹரிஜன மாணவன் ஒருவனுக்கு முன்கூட்டியே விசாரித்து அறியும் வழி இல்லை; விண்ணப்பித்துக் காத்திருப்பது ஒன்றே அவனுக்கு இருந்த வழி. விண்ணப்பிக்காமலேயே விடையை அறிய முடிந்தது ஒரு வசதி என்பதை இயக்க வெளியீடுகள் இன்னும் அழுத்திச் சொல்லியிருந்தால் அவற்றின் வாதம் வலுப்பெற்றிருக்கும்.

உடன் விசாரிக்கப்பட்ட சீனிவாசன் வழக்கு இதற்கு நேர்மாறானது. இண்டர்மீடியட் தேர்வில், அதாவது பள்ளிப் படிப்புக்கும் பட்டப் படிப்புக்கும் இடைப்பட்ட ஈராண்டு வகுப்பின் தேர்வில், விருப்பப் பாடங்களில் 450க்கு 369 மதிப்பெண் பெற்ற அவர் கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தார். சான்றின் வலிமையை மட்டும் கருதினால் வழக்கு அவர் பெயரால் நினைக்கப்பட்டிருக்க வேண்டும். நீதிபதி தாஸும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே இருந்தார்; விண்ணப்பிக்காமல் நீதிமன்றம் வருவோரைத் தாங்கள் ஆதரிப்பதாக யாரும் பொருள் கொள்ளக் கூடாது என்று எச்சரித்துவிட்டு மேலே சென்றார். அரசமைப்பின் 29(2)ஆம் பிரிவை வைத்து அரசாணை செல்லாது என்று அமர்வு முடிவு செய்ய, முதல் திருத்தம் 1951 ஜூனில் 15(4)ஆம் உட்பிரிவைச் சேர்த்தது. இவை நன்கு அறியப்பட்டவை.

தீராமல் நிற்பது சிறிய கேள்வி ஒன்றுதான்: 1950ஆம் ஆண்டு மருத்துவக் கல்லூரி விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் எது? அது ஜூன் 7க்கு முந்தியதாயின் இங்கு வைக்கப்பட்ட வாதம் தளரும். பிந்தியதாயின் மோசடிக் கூற்று நிற்காது. சேர்க்கப்பட்டவர்களின் பெயர்களைக் கல்லூரிகள் பதிவேட்டில் காக்கின்றன. நிராகரித்த விண்ணப்பங்களையும் தெரிவுக் குழுவின் குறிப்புகளையும் காக்கும் வழக்கம் அரிது. சென்னையின் பழைய கல்லூரிகள் தங்கள் அலமாரிகளில் எஞ்சியுள்ள அத்தகைய தாள்களைக் கழித்துவிடாமல் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்க வேண்டும்.