நோயாளியின் இரகசியம்: டென்மார்க் சட்டங்கள் வளர்ந்த வரலாறு

ஸ்கீவ நகரில் வாழும் எம்மவர் சிலர், வைத்தியரிடம் செல்கையில் பிள்ளையையோ அயலவரையோ மொழிபெயர்க்க அழைத்துச் செல்கின்றனர். நோயாளியின் இரகசியம் அங்கேயே கைநழுவிப் போகின்றது. அதைக் காக்க இந்நாடு இயற்றிய சட்டங்களின் வரலாற்றை நாம் அறிதல் நன்று.

1968 இல் இங்கு வாழ்வோர் அனைவருக்கும் சி.பி.ஆர். இலக்கம் வழங்கப்பட்டது. ஒருவரது விபரங்கள் யாவும் ஓரிலக்கத்தின்கீழ் ஒன்றுசேர வழி பிறந்தது. வசதியோடு ஐயமும் வளர்ந்தது. 1978 இல் அரச பதிவேடுகளுக்கான சட்டம் நிறைவேறியது. 1998 அக்டோபர் 1 இல் நோயாளர் உரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. சிகிச்சைக்கான சம்மதம், வைத்தியர் இரகசியம் காக்கும் கடமை, தம் பதிவேட்டைப் பார்க்கும் உரிமை ஆகியன அதில் இடம்பெற்றன. 15 வயது நிரம்பியோர் தாமே சம்மதம் அளிக்கலாம் என்றும் அது வகுத்தது. 2007 முதல் இவ்விதிகள் சுகாதாரச் சட்டத்துள் அடங்கின.

எனினும் தவறுகள் நேர்ந்தன. குடும்ப வைத்தியர்களின் நோயாளர் விபரங்கள் உரிய சட்ட அனுமதியின்றி ஒரு தரவுத்தளத்தில் திரட்டப்பட்டமை 2014 இல் அம்பலமாயிற்று. கண்டனம் எழவே, அடுத்த ஆண்டு அவை அழிக்கப்பட்டன. 2018 மே 25 இல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன.

அவ்வாண்டு ஜூலையில், மூன்றாண்டுகளுக்கு மேல் இங்கு வாழ்ந்தோரிடம் மொழிபெயர்ப்புக் கட்டணம் அறவிடும் விதியும் வந்தது. செலவுக்கு அஞ்சித் தாயின் நோயை மகன் வாயால் உரைக்கச் செய்தால், தாய் பாதியை மறைப்பாள், வைத்தியமும் பாதியாகும். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கச் சட்டத்தால் கட்டுண்டவர், அயலவரோ அவ்வாறல்லர். சட்டம் தந்த காப்பை நாமே கைவிடலாகாது.