ஓசையடங்கிய கணினி
கணினி இரைச்சலுக்கு முதற்காரணம் விசிறியின் வேகம். ஒரே விசிறியைப் பாதி வேகத்தில் ஓட்டினால் ஓசை சுமார் 15 டெசிபல் குறையும். ஆகவே 80 மி.மீ. விசிறியை விரட்டுவதைவிட 140 மி.மீ. விசிறியை மெல்லச் சுழலவிடுவதே மேல். தண்ணீரால் குளிர்வித்தால்தான் அமைதி கிடைக்கும் என்பது பரவலான எண்ணம். ஆனால் தண்ணீர் வெப்பத்தை இடம் மாற்றுகிறது, அவ்வளவே. ரேடியேட்டரிலிருந்து அதை வெளியேற்ற அங்கும் விசிறி வேண்டும். கூடவே பம்பின் ரீங்காரம். காற்றுக்குமிழி சிக்கினால் களகளவென்ற சத்தம் வேறு. மிகுந்த வெப்பம் கக்கும் செயலிக்குக் காற்று போதாது என்பார்கள். அது நியாயமான வாதம்தான். 2004இல் ஆப்பிள் தன் 2.5 கிகாஹெர்ட்ஸ் பவர் மேக் ஜி5 கணினியில் திரவத்தை நாடியது. எனினும் 65 வாட் செயலிக்கு, செம்பு வெப்பக்குழாய்கள் ஊடுருவிய பெரிய அலுமினியத் தகட்டடுக்கும் மெதுவான ஒரு விசிறியும் தாராளம். வீட்டுக் கணினிக்குக் காற்றே போதும்.