வாகனப் பழுதறி தொடர்புத் தரங்கள்

காரின் கட்டுப்பாட்டுக் கணினியும் பழுதறியும் ஸ்கேனர் கருவியும் தரவு பரிமாறிக்கொள்ளும் விதிமுறைகள் இவை. புகை மாசைக் கட்டுப்படுத்தும் சட்டங்களே இவற்றுக்கு வழிவகுத்தன.

அமெரிக்கா: 1996 மாடல் கார்கள் முதல் ஓபிடி-2 (வாகனமே தன் பழுதைக் கண்டறியும் முறை) கட்டாயமானது. 16 முனை இணைப்பான் எல்லாருக்கும் பொது. தொடர்பு முறைதான் வேறுபட்டது. ஃபோர்டு, ஜே1850 தரத்தின் பிடபிள்யூஎம் வகையை நொடிக்கு 41.6 கிலோபிட் வேகத்திலும், ஜெனரல் மோட்டார்ஸ் அதன் விபிடபிள்யூ வகையை 10.4 கிலோபிட் வேகத்திலும் கையாண்டன.

ஐரோப்பா: ஓபிடியின் ஐரோப்பிய வடிவமான இஓபிடி விதி பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும், டீசல் கார்களுக்கு 2004 முதலும் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய, ஆசிய நிறுவனங்கள் பெரும்பாலும் ஐஎஸ்ஓ 9141-2, ஐஎஸ்ஓ 14230 ஆகிய தரங்களைப் பின்பற்றின. இவற்றின் தரவு 7ஆம் முனை வழியே செல்லும்.

இந்தியா: பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின்கீழ் ஓபிடி-1 2010 ஏப்ரலிலும், ஓபிடி-2 2013 ஏப்ரலிலும் கட்டாயமாயின.

ஒருமைப்பாடு: 6, 14ஆம் முனைகளைப் பயன்படுத்தும் கேன் முறை (ஐஎஸ்ஓ 15765-4) அமெரிக்காவில் 2008 மாடல் கார்கள் முதல் கட்டாயமானது, இன்று உலகெங்கும் பரவலாக வழங்குகிறது. எனினும் பொதுத் தரம் புகை வெளியேற்றம் சார்ந்த பழுதுகளுக்கே பொருந்தும். காற்றுப்பை, ஏபிஎஸ் போன்றவற்றின் பழுதுகளைப் படிக்க அந்தந்த நிறுவனத்தின் முறையை அறிந்த கருவி தேவை.