எல்ஸ்வொர்த் பார்த்த மலைகள்

1935 நவம்பர் 23. அண்டார்க்டிகா தீபகற்பத்தின் வடமுனையை ஒட்டியுள்ள டன்டி தீவிலிருந்து ‘போலார் ஸ்டார்’ என்ற ஒற்றை எஞ்சின் விமானம் கிளம்பியது. ஓட்டியவர் ஹெர்பர்ட் ஹோலிக்-கென்யன். உடன் சென்றவர் லிங்கன் எல்ஸ்வொர்த் என்ற அமெரிக்கச் செல்வந்தர். கண்டத்தைக் குறுக்கே கடந்து, ராஸ் கடலோரத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த ‘லிட்டில் அமெரிக்கா’ முகாமை அடைவது அவர்கள் திட்டம். ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். பதினான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று கணக்கிட்டிருந்தார்கள். நான்கு இடங்களில் இறங்க நேர்ந்தது, வானொலி செயலிழந்தது, இலக்கு எட்டும் தொலைவுக்கு வந்தபோது எரிபொருள் தீர்ந்தது. மீதித் தூரத்தை நடந்து கடந்து டிசம்பர் 15 அன்றுதான் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தப் பயணத்தில் எல்ஸ்வொர்த் தன் கண்ணில் பட்ட மலைகளுக்கெல்லாம் வானிலிருந்தே பெயர் வைத்துக்கொண்டு போனார். தீபகற்பத்தின் முதுகெலும்பில் ஒரு தொடருக்கு ‘எடர்னிட்டி’. அதன் மூன்று சிகரங்களுக்கு ஃபெய்த், ஹோப், சாரிட்டி. விவிலியம் சொல்லும் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. இன்னும் உள்ளே போனபின் தனியே எழுந்து நின்ற தொடருக்கு ‘சென்டினல்’. அங்கே ஒரு சிகரத்துக்குத் தன் மனைவியின் பெயர்.

பெயர் வைத்தாகிவிட்டது. ஆனால் அந்த மலைகள் எங்கே இருக்கின்றன?

கேள்வி எளிமையாகத் தோன்றலாம். துருவ வரைபடங்களின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்வியோடு நடந்த போராட்டம்தான். 1818-இல் ஜான் ராஸ் ஆர்க்டிக்கின் லங்காஸ்டர் நீரிணைக்குள் நுழைந்து, வழியை மலைகள் அடைத்து நிற்பதாகக் கண்டு, கடற்படைச் செயலர் குரோக்கரின் பெயரை அவற்றுக்குச் சூட்டிவிட்டுத் திரும்பினார். மறு ஆண்டே எட்வர்ட் பாரி அந்த மலைகள் நின்றிருக்க வேண்டிய இடத்தின் வழியாகத் தன் கப்பல்களைச் செலுத்தினார். அங்கே கடல்தான் இருந்தது. பனிப்பரப்பை ஒட்டிய காற்று கடுங்குளிராகவும் மேலே உள்ள காற்று சற்று வெப்பமாகவும் இருக்கும்போது ஒளி வளைந்து, தொலைவில் உள்ளதை உயர்த்தியும் நீட்டியும் காட்டும். அனுபவம் மிக்க மாலுமிகளையே ஏமாற்றிய காட்சி அது. ஜானின் அண்ணன் மகன் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் 1841-இல் அண்டார்க்டிகாவில் எரிபஸ் எரிமலையைக் கண்டறிந்த மாபெரும் மாலுமி. அவரும் தெற்கே ஒரு மலைத்தொடரைக் குறித்து அதற்குப் பாரியின் பெயரையே வைத்தார். அறுபது ஆண்டுகள் வரைபடத்தில் இருந்த அந்த மலைகள், பிரிட்டிஷ் துருவப் பயணி ஸ்காட்டின் குழு 1902-இல் நேரில் பார்த்தபோது இல்லாமல் போயின.

எல்ஸ்வொர்த்தின் மலைகள் உண்மையானவை. அவரிடம் புகைப்படங்கள் இருந்தன. அவற்றைக் கொண்டு அமெரிக்க வரைபட வல்லுநர் ஜோர்க் ஒரு வரைபடம் தயாரித்தார். ஆனால், விமானம் எங்கே பறந்தது என்பதே செக்ஸ்டன்ட் கருவியும் வேகக் கணக்கும் சொன்ன உத்தேசம். அந்த உத்தேசத்தின் மேல்தான் மலைகளின் இடமும் உயரமும் நின்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் கடற்படை, வான்படங்களைக் கொண்டு வரைபடம் தயாரிப்பதைப் பெரிய அளவில் செய்யப் பார்த்தது. 1946–47-இல் ‘ஹைஜம்ப்’ நடவடிக்கையில் சுமார் 70,000 வான்படங்கள் எடுத்தார்கள். மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் இயங்கும்: ஒன்று நேர் கீழே, மற்ற இரண்டும் இருபுறமும் சாய்வாக, ஒரு தொடுவானிலிருந்து மறு தொடுவானம் வரை ஒரே வீச்சில் பதிவாகும். வியக்கத்தக்க உழைப்பு. ஆனால் படத்தில் தெரியும் சில பாறைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் மூன்றையும் தரையில் நின்று அளந்திருந்தால்தான் அந்தப் படத்தை வரைபடமாக்க முடியும். அந்தக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இல்லாததால் படங்களில் பெரும்பகுதி பயன்படாமல் கிடந்தது. அடுத்த ஆண்டே ‘விண்ட்மில்’ என்ற இன்னொரு நடவடிக்கையை, புள்ளிகளை அளப்பதற்கென்றே அனுப்ப வேண்டியிருந்தது. 1961–62-இல் அமெரிக்க நில அளவையாளர்கள் ஹெலிகாப்டரில் சிகரம் சிகரமாக இறங்கி, உறையும் காற்றில் தியோடலைட் என்ற கோணமானியை நிறுத்தி அளந்தார்கள். சிகரங்களைக் கண்டுபிடித்தவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. அளந்தவர்களின் பெயர் அவ்வளவாகத் தெரிவதில்லை. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் அவர்கள்தான்.

எல்ஸ்வொர்த் கண்ட சென்டினல் தொடரிலேயே அண்டார்க்டிகாவின் உச்சியும் இருக்கிறது. அது அவர் பார்வைக்குத் தப்பிவிட்டது. 1958 ஜனவரியில்தான் கடற்படை விமானங்கள் கண்டன. துருவ ஆய்வுக்கு ஆதரவாக நின்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கார்ல் வின்சனின் பெயர் அதற்கு வந்தது. முதலில் 5,140 மீட்டர் என்றார்கள். பிறகு 4,897 ஆனது. 2004-இல் உச்சியிலேயே ஜிபிஎஸ் கருவியை வைத்து அளந்தபோது 4,892.

இதற்கிடையே பெயர் சூட்டுவதும் தனிமனிதர் விருப்பத்திலிருந்து குழுக்களின் கைக்குப் போயிருந்தது. நன்கொடையை விளம்பர ஆதாயமாக்கிக்கொண்டவர், வணிகப் பொருள், செல்ல நாய் ஆகியவற்றின் பெயர்களை அமெரிக்கக் குழு ஏற்பதில்லை. பெருந்தொடர்களுக்குப் பயணத் தலைவர்கள். சிறு சிகரங்களுக்கு முகாமில் குளிர்காலம் முழுதும் இருந்த சமையல்காரர், மெக்கானிக், வானொலி இயக்குநர். இது நியாயமான ஏற்பாடு. ஆனால் கண்டம் யாருக்கும் சொந்தமில்லை என்பதால் ஒவ்வொரு நாடும் தனித்தனியே பெயர் வைக்கிறது. ஒரே சிகரத்துக்கு இரண்டு மூன்று பெயர்கள் உண்டு. அண்டார்க்டிக் ஆய்வுக்கான அறிவியல் குழுவின் தொகுப்புப் பட்டியல் எதையும் நீக்காமல் எல்லாவற்றையும் பக்கத்துப் பக்கத்தில் பதிவு செய்கிறது.

ஹோப் சிகரத்துக்கு வருவோம். நெடுங்காலம் அது 2,862 மீட்டர் என்றே பதிவாகியிருந்தது. பிரிட்டன் உரிமை கோரும் பகுதியில் உயர்ந்தது 3,184 மீட்டர் ஜாக்சன் சிகரம் என்று பாடநூல்களும் சொல்லிவந்தன. மலைகளுக்கு மேல் பறக்கும் விமானிகளுக்குச் சரியான உயரம் தெரிய வேண்டுமே என்ற கவலையில் பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டது. 2017 டிசம்பரில் முடிவு வெளியானது. ஹோப்பின் உயரம் 3,239 மீட்டர். பழைய கணக்கு 377 மீட்டர் குறைவு. எல்ஸ்வொர்த் அதற்குப் பெயர் வைத்து எண்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

(தொடரும்)