சாய்தளத்தில் உருளுதல்

கோளம், உருளை, வட்டத்தட்டு, வளையம் போன்ற பொருள்கள் சரிவான தளத்தில் நழுவாமல் உருண்டு இறங்குவதைச் சாய்தளத்தில் உருளுதல் என்பர். பொருளின் நிறைமையம் நேர்கோட்டில் நகர்கிறது. அதே வேளையில் பொருள் அந்த மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது. இடப்பெயர்ச்சி, சுழற்சி ஆகிய இரண்டையும் ஒருசேரக் கணக்கில் கொள்ள வேண்டியிருப்பதே இக்கணக்கின் தனித்தன்மை. கலிலியோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உருளும் குண்டுகளைக் கொண்டு முடுக்கத்தை ஆராய்ந்தார். ஆயினும் சுழற்சிக்கு எவ்வளவு பங்கு போகிறது என்று கணக்கிடுவதற்கான முழுமையான கோட்பாடு உருவாக மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

கலிலியோவின் சோதனைகள்

நேராக விழும் பொருளின் வேகத்தை அளக்கத்தக்க கடிகாரம் கலிலியோ காலத்தில் இல்லை. எனவே அவர் சரிவில் குண்டை உருட்டி இயக்கத்தை மெதுவாக்கினார். 1638இல் லைடன் நகரில் வெளியான ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலில் இச்சோதனையை விவரித்துள்ளார். சுமார் 12 முழ நீளமுள்ள மரச்சட்டத்தில் விரலகலத்தைவிடச் சற்றே அகன்ற பள்ளம் வெட்டி, அதில் வழவழப்பான தோல்தாள் ஒட்டி, வெண்கலக் குண்டை உருட்டினார். குண்டு இறங்கும் வரை ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே ஒழுகிய நீரைப் பிடித்து எடைபோட்டுக் காலத்தை அறிந்தார். கடந்த தொலைவு காலத்தின் வர்க்கத்துக்கு நேர்த்தகவில் இருந்தது. சுழற்சி முடுக்கத்தைக் குறைத்தாலும் எல்லாத் தொலைவுகளிலும் ஒரே விகிதத்தில்தான் குறைக்கிறது; ஆகவே இந்த விதி பாதிக்கப்படவில்லை.

இவ்வளவு எளிய கருவிகளால் இத்தகைய துல்லியம் கிடைத்திருக்குமா என்று வரலாற்றறிஞர் அலெக்சாந்தர் கொய்ரே ஐயம் எழுப்பினார். 1961இல் தாமஸ் செட்டில் அதேபோன்ற கருவிகளை அமைத்துச் சோதனையைத் திரும்பச் செய்து, அது இயலக்கூடியதே என்று காட்டினார்.

கலிலியோவின் கையெழுத்துத் தாள்களுள் 116ஆம் தாளின் பின்பக்கத்தை ஸ்டில்மன் டிரேக் 1973இல் வெளியிட்டார். சரிவில் உருண்டு வந்த குண்டு, 828 அலகு உயரத்திலிருந்து கிடைத்திசையில் பாய்ந்து தரையில் விழுந்த தொலைவுகள் அதில் குறிக்கப்பட்டுள்ளன. 300 அலகு உயரம் இறங்கிய குண்டு 800 அலகு தொலைவில் விழுந்தது. 1000 அலகு இறங்கியது 1500 அலகு தொலைவில் விழுந்தது. உராய்வின்றி வழுக்கி வந்திருந்தால் முதல் குண்டு ஏறத்தாழ 997 அலகு தொலைவிலும் இரண்டாவது 1820 அலகு தொலைவிலும் விழுந்திருக்கும். நழுவாமல் உருளும் திண்மக் கோளத்துக்கான கணக்கு முறையே 842, 1538 என்று தருகிறது. கலிலியோவின் அளவீடுகள் இவற்றையே ஒட்டியுள்ளன. ஆனால் அவர் தம் அளவீடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டாரேயன்றி, சுழற்சியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஹைகன்ஸ் முதல் ஆய்லர் வரை

தீர்வுக்கான முதல் கருவி ஊசலாய்விலிருந்து கிடைத்தது. நூலில் தொங்கும் புள்ளிநிறை அல்லாமல், தடியோ தட்டோ ஊசலாடினால் அதன் அலைவுநேரம் என்ன என்ற வினாவை மெர்சென் 1646இல் இளைஞரான கிறிஸ்டியான் ஹைகன்ஸிடம் வைத்தார். 1673இல் வெளியிட்ட ஊசல் கடிகார நூலில் ஹைகன்ஸ் விடை தந்தார். ஒவ்வொரு துகளின் நிறையையும் அச்சிலிருந்து அதன் தொலைவின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டும் முறை அதில் இடம்பெற்றது.

அந்தக் கூட்டுத்தொகைக்கு நிலைமத் திருப்புத்திறன் என்ற பெயரும் பொதுவான கோட்பாடும் தந்தவர் லியோனார்ட் ஆய்லர். திண்பொருள்களின் இயக்கம் பற்றிய 1765ஆம் ஆண்டு நூலில், நிறைமையத்தின் இயக்கத்தையும் அதைச் சுற்றிய சுழற்சியையும் பிரித்து ஆராய்ந்தார். உராய்வு அவ்வியக்கத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதற்கும் அந்நூலில் தனிப் பின்னிணைப்பு உண்டு. நிறை எவ்வளவு என்பதோடு அச்சிலிருந்து அது எவ்வளவு தள்ளிப் பரவியுள்ளது என்பதும் சுழற்சியைத் தீர்மானிக்கிறது என்ற கருத்து இதனால் நிலைபெற்றது.

கணக்கிடும் முறை

சரிவில் உருளும் பொருளின் மீது புவியீர்ப்பு விசை, தளத்தின் செங்குத்து விசை, உராய்வு விசை ஆகிய மூன்றும் செயற்படுகின்றன. உராய்வு சரிவின் மேல்நோக்கி இயங்கி, நிறைமையத்தின் முடுக்கத்தைக் குறைக்கிறது. அதுவே திருப்புவிசையாகவும் அமைந்து பொருளைச் சுழற்றுகிறது. நிறைமையத்தின் முடுக்கம், ஆரத்தையும் கோண முடுக்கத்தையும் பெருக்கியதற்குச் சமம் என்பதே நழுவாமைக்கான நிபந்தனை. நிலைமத் திருப்புத்திறனை, நிறையையும் ஆர வர்க்கத்தையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால் வடிவத்துக்குரிய ஓர் எண் கிடைக்கும். வழுக்கும் பொருளின் முடுக்கத்தை ‘ஒன்று கூட்டல் அந்த எண்’ என்பதால் வகுத்தால் உருளும் பொருளின் முடுக்கம் வந்துவிடும்.

இந்த எண் திண்மக் கோளத்துக்கு 2/5, திண்ம உருளைக்கும் தட்டுக்கும் 1/2, உள்ளீடற்ற மெல்லிய கோளத்துக்கு 2/3, வளையத்துக்கு 1. எனவே முடுக்கங்கள் வழுக்கும் பொருளினதைப் போல முறையே 5/7, 2/3, 3/5, 1/2 பங்கு ஆகின்றன. 30 பாகைச் சரிவில், 2 மீட்டர் நீளத்தை ஓய்விலிருந்து கடக்கத் திண்மக் கோளத்துக்கு ஏறத்தாழ 1.07 நொடியும், வளையத்துக்கு 1.28 நொடியும் ஆகும். நிறையும் ஆரமும் விடையில் வருவதில்லை. இரும்புக் குண்டும் கோலிக்குண்டும் ஒன்றாகவே கீழே சேரும்.

தூய உருளுதலில் தளத்தைத் தொடும் புள்ளி அக்கணத்தில் ஓய்வில் உள்ளதால், நிலை உராய்வு வேலை ஏதும் செய்வதில்லை. ஆகவே ஆற்றல் மாறாமை விதியைக் கொண்டும் இதே விடையைப் பெறலாம். இந்த உராய்வை, உராய்வுக் குணகத்தையும் செங்குத்து விசையையும் பெருக்கிக் காண்பது மாணவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. அப்பெருக்கல்தொகை நிலை உராய்வின் உச்ச அளவே. பொருளுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அதனினும் குறைவு. 30 பாகைச் சரிவில் நழுவாதிருக்கத் திண்மக் கோளத்துக்குக் குணகம் 0.165 போதும், வளையத்துக்கு 0.289 வேண்டும்.

பிற்கால வளர்ச்சி

உருளும்போது எழும் தடையைக் கூலோம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மர உருளைகளைக் கொண்டு அளந்தார். 1835இல் கொரியோலிஸ் பில்லியர்ட்ஸ் பந்துகளின் இயக்கத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். சுழற்சியின்றி வழுக்கத் தொடங்கும் திண்மப் பந்து, மட்டமான மேசையில் தூய உருளுதலை எட்டும்போது தொடக்க வேகத்தில் 5/7 பங்கு மிஞ்சும். உராய்வுக் குணகம் எதுவானாலும் இது மாறாது. 1876இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ், தொடும் பரப்பு சற்று உருக்குலைவதால் உருளுதலிலும் நுண்ணிய நழுவல் உண்டு என்று விளக்கினார்.

தளத்தில் எல்லாத் திசைகளிலும் உருளத்தக்க பொருளுக்குரிய நழுவாமை நிபந்தனை, பொதுவாக வேகங்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. அதை இருப்பிடங்களுக்கு இடையிலான தொடர்பாக மாற்றி எழுத முடிவதில்லை. இத்தகைய அமைப்புகளை ஹெர்ட்ஸ் 1894இல் தனி வகையாகப் பிரித்தார். லிண்டலோஃப் 1895இல் இவற்றுக்கு வழக்கமான லக்ராஞ்சு முறையை அப்படியே பயன்படுத்தித் தவறான விடை கண்டார். 1897இல் சாப்ளிகின் பொருத்தமான சமன்பாடுகளைத் தந்தார். தானாக இயங்கும் உருளிகளையும் கோள வடிவ ரோபோக்களையும் கட்டுப்படுத்த இன்றும் இச்சமன்பாட்டு வகையே பயன்படுகிறது.

கல்வியில்

தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்பு இயற்பியல் பாடநூலில் சாய்தளத்தில் உருளுதல், திண்பொருள்களின் இயக்கம் பற்றிய அலகில் இடம்பெறுகிறது. வளையம், தட்டு, திண்மக் கோளம், உள்ளீடற்ற கோளம் ஆகியவற்றை ஒரே உயரத்திலிருந்து ஒன்றாக விட்டால் எது முதலில் இறங்கும் என்பது தேர்வுகளில் வழக்கமாக வரும் வினா. இதற்கு முடுக்கத்தைக் காண வேண்டியதில்லை. வடிவ எண்களை ஏறுவரிசையில் எழுதினால் அதுவே இறங்கிச் சேரும் வரிசை.